அம்மாவின் முதுகடியில் ஒரு கருஞ்சிவப்புத் தடம்

கேள்வி: என் அம்மாவுக்கு 72 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. போன வாரம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. சர்க்கரை குறையட்டும் என்று நான்கு நாள் கழித்துத்தான் ஆபரேஷன் செய்தார்கள். இன்று ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள். காலையில் உடம்பு துடைத்துவிடும்போது முதுகுக்குக் கீழே, வால் எலும்புப் பக்கம், உள்ளங்கை அளவுக்குக் கருஞ்சிவப்பாக ஒரு தடம் பார்த்தேன். தோல் கிழியவில்லை. வார்டில் கேட்டதற்கு, “படுத்தே இருந்தா இப்படித்தான் வரும், பவுடர் போடுங்க” என்றார்கள். பெரியம்மா தேங்காய் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்கிறார். அண்ணன் வாட்டர் பெட் வாங்கலாம் என்கிறான். இரவு பகலாகக் கூடவே இருப்பது நான்தான். என் கவனக்குறைவால் வந்ததா? இது புண்ணாகிவிடுமா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

இன்று இரவு செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை அப்புறம் நிதானமாகப் படியுங்கள்.

அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். எண்ணெய் வேண்டாம், பவுடரும் வேண்டாம். அம்மாவின் எடை இனி அந்தத் தடத்தின் மேல் இறங்கக் கூடாது. டியூட்டி சிஸ்டரைக் கூப்பிட்டு, “ஆபரேஷன் பண்ண காலுக்கு ஒண்ணும் ஆகாம அம்மாவை எப்படித் திருப்பணும்? ஒரு தடவை செய்து காட்டுங்க சிஸ்டர்” என்று கேளுங்கள். அவர் காட்டும் வரை நீங்களாகத் திருப்ப வேண்டாம். அதுவரை இரண்டு குதிகாலையும் பாருங்கள். அங்கேயும் நிறம் மாறியிருக்கிறதா?

இனி உங்கள் முதல் கேள்வி. உங்கள் கவனக்குறைவால் வந்ததா? இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, இந்தக் காயம் உண்டாகும் விதம் அப்படி.

படுத்திருக்கும் உடம்பில் எலும்பு மேலே, மெத்தை கீழே, நடுவில் சதை. நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்க அதிக பாரம் தேவையில்லை. 32 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும் என்பது நர்சிங் படிப்பில் சொல்லித்தரும் பழைய கணக்கு. நல்ல உடம்பு தூக்கத்திலேயே அடிக்கடி புரண்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். எலும்பு முறிந்தவரால் அது முடியாது, அசைந்தாலே உயிர் போகிற வலி. இரத்தம் போகாமல் முதலில் நலிவது எலும்பை ஒட்டிய தசை. தோல் கொஞ்சம் தாங்கும். அதனால் காயம் உள்ளே தொடங்கி வெளியே வருகிறது. ஆழத்தில் பட்ட அடி தோலில் நிறமாகத் தெரிய பெரும்பாலும் 48 முதல் 72 மணி நேரம் ஆகும்.

நாளைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். இன்று காலை தெரிந்த தடம் பெரும்பாலும் ஆபரேஷன் நாளையோ அதற்கு முந்தைய நாளையோ சேர்ந்தது. ஆபரேஷன் மேசை கெட்டியானது. மரத்துப்போன உடம்பு அதன்மேல் அசையாமல் கிடந்திருக்கும். அதற்கு முன்னால் நான்கு நாள் ஒரே மல்லாந்த நிலை. விழுந்த அன்றைக்குக் கேஷுவால்டி ஸ்ட்ரெச்சரில் எத்தனை மணி நேரம் இருந்தார் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். நேற்று ராத்திரி நீங்கள் கண்ணயர்ந்த ஒரு மணி நேரத்தில் வந்ததில்லை இது.

இந்தக் கணக்கை இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். இன்று ராத்திரி அம்மா எப்படிப் படுக்கிறார் என்பது இன்னும் இரண்டு மூன்று நாளில்தான் தோலில் தெரியும். நாளைக் காலையே நிறம் குறையவில்லை என்று மனம் தளர்ந்து, திருப்புவதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது கேள்வி, புண்ணாகுமா என்பது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லித்தர முடியும். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் இரத்தம் ஓடுகிறது, பாரத்தை எடுத்தால் சரியாகிவிடும். வெளுக்காமல் அப்படியே இருந்தால் காயம் தொடங்கிவிட்டது. இந்தச் சோதனை வெளிர் தோலுக்குத்தான் நன்றாக உதவும். நம்மில் பலருக்கு மாநிறம், இல்லை அதைவிடக் கறுப்பு. வெளுப்பது தெரியாது. அதனால் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பகல் வெளிச்சத்தில் பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள், சுடுகிறதா, சில்லென்றிருக்கிறதா? விரல் நுனியால் மெதுவாகத் தொடுங்கள், கல் மாதிரி கெட்டியாக இருக்கிறதா, கனிந்த பழம் மாதிரி அமுங்குகிறதா? தொட்டதும் அம்மா முகம் சுளிக்கிறாரா?

கருஞ்சிவப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஊதா கலந்த நிறம் என்றால் ஆழத்தில் அடிபட்டிருக்கலாம். அப்படியானால், நீங்கள் எல்லாம் சரியாகச் செய்தாலும் சில நாளில் அது கொப்புளமாகி உடையக்கூடும். உங்களிடம் இதை மறைக்க விரும்பவில்லை. அப்படியே உடைந்தாலும் எவ்வளவு ஆழம் போகும், எத்தனை நாளில் ஆறும் என்பது இன்றிலிருந்து அந்த இடத்துக்குக் கிடைக்கும் ஓய்வைப் பொறுத்தது. தோல் கிழியாமலே ஆபத்து இருக்கலாம் என்பதால்தான், அமெரிக்காவில் இதற்கான தேசிய ஆலோசனைக் குழு 2016-இல் ‘புண்’ என்ற சொல்லை மாற்றி ‘அழுத்தக் காயம்’ என்று அழைக்கத் தொடங்கியது. கிழியவில்லையே என்று டாக்டரிடம் காட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

பெரியம்மா மேல் கோபப்படாதீர்கள். முப்பத்தோரு வருடம் வார்டில் இருந்தவள் நான். மாணவியாக எனக்குச் சொல்லித்தந்ததும் அதுதான். ‘பேக் கேர்’ என்று பெயர். காலையும் மாலையும் நோயாளியின் முதுகில் ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பவுடர் தூவி, சிவந்த இடத்தை இன்னும் இரண்டு தேய் தேய்ப்போம், இரத்த ஓட்டம் வரட்டும் என்று. அக்கறையோடுதான் செய்தோம். ஏற்கெனவே நலிந்திருக்கும் சதையை அது மேலும் கிழிக்கும், ஸ்பிரிட் தோலை உலர்த்தும் என்பது பிறகு தெரிந்தது. உட்காரக் கொடுத்த ரப்பர் வளையமும், குதிகாலுக்கு அடியில் வைத்த தண்ணீர் நிரப்பிய கையுறையும் அதே கதைதான். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி நடுவில் இருக்கும் சதைக்கு இரத்தம் வராமல் செய்கிறது. இன்றைக்கும் யாராவது அதை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சரி, திருப்புவதற்கு வருவோம். என்னைக் கேட்டால் இதற்கு மருந்து இது ஒன்றுதான்.

அம்மாவை முழுக்கப் பக்கவாட்டில், தோள் செங்குத்தாக நிற்கும்படி படுக்க வைக்க வேண்டாம். அப்படிப் படுத்தால் எடை முழுக்க இடுப்பின் பக்கத்து எலும்பில் இறங்கி அங்கே புதிதாக ஒன்று வரும். கொஞ்சம் சாய்த்தால் போதும், 30 டிகிரி என்பது நாங்கள் வைத்திருக்கும் கணக்கு. அம்மாவுக்கு வலதுபக்கம் நல்ல பக்கம். இடது தோளுக்கும் இடது பிட்டத்துக்கும் பின்னால் தலையணை செருகி வலதுபுறம் சாயுங்கள். இரண்டு கால்களுக்கு நடுவில், தொடையிலிருந்து கணுக்கால் வரை நீளமாக ஒரு தலையணை. ஆபரேஷன் செய்த கால் மற்றக் காலைத் தாண்டிக் குறுக்கே விழக் கூடாது. இப்போது உங்கள் கையை விரித்து வால் எலும்புக்குக் கீழே விட்டுப் பாருங்கள். கை தடையில்லாமல் போய்வந்தால் அந்த இடம் விடுதலையாகிவிட்டது. கை நசுங்கினால் தலையணையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இந்தக் கைச் சோதனையைச் செய்யுங்கள்.

இடதுபுறம் எவ்வளவு சாய்க்கலாம் என்பது எந்த வகை ஆபரேஷன் என்பதைப் பொறுத்தது. எலும்பு டாக்டரிடமே கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் இடுப்புக்கு அடியில் மடித்த டவலை ஒருமுறை இந்தப் பக்கம், ஒருமுறை அந்தப் பக்கம் என்று வைத்து எடுக்கும் சின்ன மாற்றங்களாவது செய்யலாம். எத்தனை நேரத்துக்கு ஒருமுறை? இரண்டு மணி நேரம் என்று தொடங்குங்கள். நல்ல மெத்தையும் தேறிவரும் தோலும் இருந்தால் ராத்திரியில் இடைவெளியை நீட்டலாம், அதைத் தோலைப் பார்த்து சிஸ்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். ஒரு தாளில் மணியையும் எந்தப் பக்கம் என்பதையும் எழுதிக் கட்டிலில் ஒட்டிவிடுங்கள். அண்ணன் வந்து உட்காரும்போது அவருக்கும் அது தெரியட்டும். நீங்கள் தூங்கவும் வேண்டும். இரவில் ஒரு முறையாவது அண்ணனோ அண்ணியோ பொறுப்பெடுக்கட்டும்.

வலியில் கத்துகிறார், பாவம் என்று விட்டுவிடும் வீட்டார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வலி மாத்திரை கொடுக்கும் நேரத்தைக் கேட்டு, கொடுத்து அரை மணி, முக்கால் மணி கழித்துத் திருப்புங்கள். பாதி அலறல் குறைந்துவிடும்.

அடுத்தது இழுப்பது. படுக்கையில் சறுக்கிக் கீழே போனவரை அக்குளில் கை கொடுத்து மேலே இழுக்கிறோம். தோல் படுக்கையோடு ஒட்டிக்கொள்ள, எலும்பு மட்டும் நகர்கிறது. நடுவில் உள்ள இரத்தக் குழாய்கள் முறுக்கிக் கிழிகின்றன. இதற்கு டிரா ஷீட் வேண்டும். ஒரு பெட்ஷீட்டைப் பாதியாக மடித்துத் தோளிலிருந்து தொடை வரை அடியில் விரியுங்கள். இரண்டு பேர் இரண்டு பக்கமும் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று சேர்ந்து தூக்கி நகர்த்துங்கள். தலைப்பக்கத்தை ரொம்ப உயர்த்தி வைத்தாலும் இதே சறுக்கல்தான். சாப்பிடும்போது நிமிர்த்தி, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்து 30 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். மூச்சுத் திணறலோ மூக்குக் குழாயோ இருந்தால் டாக்டர் சொல்லும் உயரம்தான்.

குதிகாலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பல வருடத்துக்கு முன் ஆண்கள் எலும்பு வார்டில் ஒரு பெரியவர் இருந்தார், இதே இடுப்பு முறிவு, இதே சர்க்கரை. அவர் முதுகை நாங்கள் தினமும் பார்த்தோம், சுத்தமாக இருந்தது. காலில் கட்டு இருந்ததால் அதை யாரும் அவிழ்க்கவில்லை. எட்டாம் நாள் கட்டைப் பிரித்தேன். குதிகாலில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு, நாவல்பழத் தோல் நிறத்தில் ஒரு வட்டம். “வலிக்கலையா ஐயா?” என்றேன். “கால்ல எனக்கு ரொம்ப நாளா உணர்ச்சியே கிடையாதும்மா” என்றார். இடுப்பு சேர்ந்து அவர் நடக்க ஆயத்தமான பிறகும் அந்தக் குதிகால் அவரை மாதக்கணக்கில் நடக்க விடவில்லை. பத்து வருடச் சர்க்கரை உள்ள உங்கள் அம்மாவுக்கும் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். வலிக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது, பார்த்துத்தான் ஆக வேண்டும். கெண்டைச் சதைக்கு அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். குதிகாலுக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒரு தாள் நுழைந்து வெளியே வர வேண்டும். ஆபரேஷன் செய்த காலுக்கு இப்படி வைக்கலாமா என்று மட்டும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

பார்க்கும்போதே யூரின் டியூப் தொடைக்கு அடியில் மாட்டியிருக்கிறதா, ஆக்சிஜன் குழாய் காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்றும் பாருங்கள். விரிப்பைக் கையால் தடவிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒரு அம்மாளைத் திருப்பியபோது தோளுக்குக் கீழே ஊசியின் பிளாஸ்டிக் மூடி கிடந்தது. அதன் வரி வரியான விளிம்பு அச்சு வைத்தாற்போல் தோலில் பதிந்திருந்தது. அவர் மயக்கத்தில் இருந்தார், சொல்லவே இல்லை.

அண்ணன் கேட்ட படுக்கைக்கு வருகிறேன். பணம் செலவழிப்பதானால் தண்ணீர் நிரப்பும் படுக்கையைவிட, மோட்டாரோடு வரும் ஏர் பெட் வாங்கச் சொல்லுங்கள். அதன் அறைகள் மாறி மாறிக் காற்று நிரம்பி இறங்கும். தண்ணீர்ப் படுக்கையில் திருப்புவதும் கஷ்டம், தூக்கி உட்கார வைப்பதும் கஷ்டம். ஆஸ்பத்திரியிலேயே ஏர் பெட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். விரித்த பிறகு, வால் எலும்புக்கு நேராக ஏர் பெட்டுக்கு அடியில் உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்படி கையை விட்டுப் பாருங்கள். கைக்கும் அம்மாவுக்கும் நடுவில் குறைந்தது ஒரு அங்குலம் காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டினால் காற்று போதவில்லை. மேலே ஒரே ஒரு விரிப்புதான், போர்வையும் ரப்பர் ஷீட்டும் அடுக்கினால் வாங்கியதே வீண். கரண்ட் போனால் காற்று இறங்கும், மோட்டார் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏர் பெட் வந்துவிட்டது, இனி திருப்ப வேண்டாம் என்று மட்டும் யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஈரம் இருந்தால் தோல் ஊறிச் சீக்கிரம் கிழியும். டயப்பர் நனைந்தால் உடனே மாற்றுங்கள். தண்ணீரால் துடைத்து, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு கிரீமை மெல்லிதாகப் பூசினால் போதும். பவுடர் ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகித் தோலை உரசும், அதனால்தான் வேண்டாம் என்றேன். பெட்பேனை அடியில் தள்ளாதீர்கள். தூக்கி வையுங்கள், முடிந்ததும் உடனே எடுத்துவிடுங்கள்.

சாப்பாடு பற்றி நீங்கள் எழுதவில்லை. ஆனால் எனக்குத் தெரியும், கஞ்சியும் ரஸ்க்கும்தான் போய்க்கொண்டிருக்கும். காயம் ஆற உடம்புக்குப் புரதம் வேண்டும், எடை கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை. அம்மா 50 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 62 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம், ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கஞ்சியால் அந்தக் கணக்கை எட்டவே முடியாது. முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் என்று கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறையாகக் கொடுங்கள். பத்து வருடச் சர்க்கரை என்பதால் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் கேட்ட பிறகே கூட்டுங்கள். இன்னொன்று, வயதான அம்மாக்கள் பெட்பேன் கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் கிடப்பார்கள். உங்கள் அம்மா எவ்வளவு குடிக்கிறார் என்று கவனியுங்கள்.

வார்டில் சொன்ன பதில் எனக்கு வருத்தமாக இருந்தது. ஒரு சிஸ்டருக்கு எத்தனை நோயாளிகள் என்று எனக்குத் தெரியும், அந்த ஓட்டத்தில் நானும் ஓடியிருக்கிறேன். இருந்தாலும் “படுத்தால் வரும்” என்பது சரியில்லை. எல்லாவற்றையும் தடுக்க முடியாது, பெரும்பாலானதைத் தடுக்கலாம். சண்டை போட வேண்டாம். “திருப்புறதை நாங்க பார்த்துக்கறோம் சிஸ்டர், இந்த இடத்தை ஒரு தடவை பார்த்து கேஸ் ஷீட்ல எழுதிடுங்க” என்று சொல்லுங்கள். எழுதிவிட்டால் அடுத்த ஷிஃப்டில் வருபவருக்கும் தெரியும். “பிரேடன் ஸ்கோர் எவ்வளவு?” என்றும் கேட்கலாம். பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரண்டு அமெரிக்கச் செவிலியர்கள் உருவாக்கி 1987-இல் வெளியிட்ட அளவுகோல் அது. உணர்ச்சி, ஈரம், நடமாட்டம், படுக்கையில் புரளும் திறன், சாப்பாடு, உரசல் என்று ஆறு விஷயத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 23. அதில் 18-உம் அதற்குக் கீழும் என்றால் ஆபத்து இருக்கிறது என்று அர்த்தம்.

தடம் கறுத்தாலோ, இரத்தம் கலந்த கொப்புளம் வந்தாலோ, தோல் உரிந்தாலோ அன்றைக்கே டாக்டர் பார்க்க வேண்டும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மஞ்சள், ஹைட்ரஜன் பெராக்சைடு என்று எதையும் நீங்களாகப் போட வேண்டாம். காய்ச்சல், நாற்றம், சீழ், சுற்றிலும் பரவும் சிவப்பு, திடீரென்று ஆள் குழம்பிப் பேசுவது, இதில் எது வந்தாலும் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காதீர்கள், ராத்திரி என்றாலும் கூப்பிடுங்கள். நாற்காலியில் உட்கார வைக்கத் தொடங்கும்போது, இந்தத் தடம் ஆறும் வரை ஒரு தடவைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

வீட்டுக்குப் போகும் நாளில், டிஸ்சார்ஜ் தாளில் இந்தக் காயமும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான பராமரிப்பும் தருகிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தத் தாளைக் காட்டி அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். ஒட்டிவைத்த திருப்பும் அட்டவணையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள், வீட்டுக் கட்டிலிலும் அது வேண்டியிருக்கும்.